காக்கா கூட்டமா வந்து கொத்தப் பார்த்த கறுப்புக் குஞ்சு: என்ன பறவை, என்ன கொடுக்கலாம்? அவசரம்

ஊசிநூல் (ஞாயிறு, காலை 7.10)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்ரீரங்கத்துல, அடையவளஞ்சானை ஒட்டின ஒரு சந்துல, வீட்டிலேயே தையல் போடுறேன். பறவைங்க பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க, ராத்திரி பூரா நான் தூங்கல.

நேத்து சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மாடியில காயப்போட்டிருந்த கூழ்வடகத்தை எடுக்க அத்தை போனாங்க. ஒரே காக்காச் சத்தம். நம்ம வீட்டு மேல ஒரு வேப்பமரக் கிளை சாஞ்சிருக்கும், அதுல அஞ்சாறு, கைப்பிடிச் சுவர்ல ரெண்டு. தண்ணித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குற இடுக்குல ஒரு கறுப்புக் குஞ்சு ஒடுங்கி உட்கார்ந்திருக்கு. ஒரு காக்கா அதுகிட்ட இறங்குது, ஏறுது, மறுபடி இறங்குது. கொத்திக் கொல்லப் போகுதுன்னு அத்தை பதறிப்போய், முந்தானையை விரிச்சு அப்படியே மூடி எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. படி இறங்குறதுக்குள்ள அத்தை தலையில பின்னாடி இருந்து ரெண்டு அடி. கொண்டையில இருந்த மல்லிகைச் சரம் மாடியிலேயே விழுந்து கிடக்கு, எடுக்கப் போக முடியல.

குஞ்சு பத்திச் சொல்றேன். அலகு நுனியில இருந்து வால் வரைக்கும் டேப் வெச்சுப் பார்த்தேன், பத்து இஞ்ச். உடம்பு கறுப்பு. ஆனா ரெக்கையில வெளிர் பழுப்புல பொட்டுப் பொட்டா இருக்கு, ஆரி ஒர்க்குல ஒவ்வொரு மணியா வெச்சுத் தெச்ச மாதிரி வரிசையா. வால் குட்டை. வாயைத் திறந்தா உள்ள செவப்பு. கிட்டப் போனா கழுத்தை நீட்டி கீர்ர் கீர்ர்னு கத்துது, பயமும் இல்ல. ரெக்கை ரெண்டும் சமமாத்தான் இருக்கு, ரத்தம் எங்கயும் இல்ல. தத்தித் தத்திப் போகுது, பறக்கத் தெரியல.

இப்ப துணிக்கூடைக்குள்ள வெட்டுத்துணியை மெத்தையாப் போட்டு வெச்சிருக்கேன். ராத்திரி பஞ்சுல தண்ணி நனைச்சு அலகு ஓரம் தொட்டேன், ரெண்டு சொட்டு குடிச்சுது. அத்தை பசும்பால் காய்ச்சி ஆத்தி வெச்சிருக்காங்க, கொடுக்கலாமா?

இன்னொண்ணு. விடிஞ்சதுல இருந்து காக்கா வாசல்லயே இருக்கு. ப்ளவுஸ் வாங்க வந்த ஒரு அக்காவைத் தலையில தட்டிடுச்சு, அவங்க துணி வாங்காமலே திரும்பிட்டாங்க. புதன்கிழமை முகூர்த்தம், பதினோரு ப்ளவுஸ் கொடுக்கணும். படம் மூணு போட்டிருக்கேன்.

முக்கியமா ஒண்ணு. அத்தை இருபது வருஷமா அந்தக் காக்காங்களுக்குத்தான் தினம் சாதம் வைக்கிறாங்க. மாமா போனதுல இருந்து ஒரு நாள் தவறினது இல்ல. இன்னிக்குக் காலையில கதவை லேசாத் திறந்து வெச்சாங்க, ஒண்ணு கூட வந்து தொடல. அதனால அத்தையும் இன்னும் காப்பி கூடக் குடிக்கல.


மாடித்தோட்டம் (காலை 7.25)

பருந்துக் குஞ்சு சகோதரி. காக்கைக்கும் பருந்துக்கும் ஜென்மப் பகை, அதனாலதான் இத்தனை கூட்டம். கறிக்கடையில கோழி ஈரல் வாங்கிப் பொடிசா நறுக்கிக் கொடுங்க. விரல் பத்திரம், கிழிச்சுடும்.


வண்டல்மண் (காலை 7.31)

பருந்துன்னா அலகு வளைஞ்சு கொக்கி மாதிரி இருக்கணும், இதுல அது இல்லையே. எனக்குக் கரிச்சான்னு தோணுது. எங்க வயல்ல மாட்டு முதுகுல உட்கார்ந்து வரும், காக்காயையே விரட்டும். வெட்டுக்கிளி பிடிச்சுக் கொடுங்க.


காவிரிப்பாலம் (காலை 7.40)

அது செம்போத்து! எங்க ஊர்ல செண்பகம்னு சொல்வோம். வீட்டுக்குள்ள அதுவா வந்தா பெரிய யோகம். அனுப்பிடாதீங்க, ஒரு மண்டலமாவது வெச்சிருங்க.


ஊசிநூல் (காலை 7.52)

எல்லாருக்கும் நன்றி. விரலை நீட்டினேன், கிழிக்கல, அலகால பிடிச்சு இழுத்துது, அவ்வளவுதான். வெட்டுக்கிளிக்கு நான் எங்க போறது, ஞாயிற்றுக்கிழமை வேற. செம்போத்துன்னு படிச்சுக் காட்டினதும் அத்தை கூடைகிட்டப் போய்க் கும்பிட்டாங்க. ஆனா செம்போத்து ரெக்கை செங்கல் கலர்ல இருக்குமே? எங்க பிறந்தகத்துல பார்த்திருக்கேன். இதுல செவப்பே இல்ல.


புதுமணப்பெண்அம்மா (காலை 7.58)

பறவைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, சாமி பார்த்துக்கும். நாங்க திருவானைக்கோவில். லைனிங் வெச்சு, பின்னாடி கயிறு வெச்சு, ஆரி ஒர்க் பண்ணித் தருவீங்களா? ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம்.


ஊசிநூல் (காலை 8.03)

தருவேன்மா. அளவு ப்ளவுஸ் கொண்டு வாங்க, ஆரிக்கு இருபது நாள் முன்னாடியே துணி வந்துடணும். வர்றப்ப குடை எடுத்துட்டு வாங்க, கண்டிப்பா.


ஊர்ப்பறவை (காலை 8.15)

சகோதரி, முதலில் பாலை அப்புறப்படுத்துங்கள். பறவைக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். நல்ல எண்ணத்தில் பால் கொடுத்து இழந்த குஞ்சுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது படம் தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு வேலை செய்யுங்கள். குஞ்சை ஒரு துணியால் தளர்வாகப் போர்த்திப் பிடித்து, கால் விரல்களைப் பாருங்கள். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை? காகம், கரிச்சான், மைனா எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. சொல்லிவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.


ஊசிநூல் (காலை 8.29)

மெஷின் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். விரல் சாம்பல் நிறம், சின்னச் சின்னச் செதில், நகம் ஊசி மாதிரி. என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சுக்கிச்சு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. ரெண்டு காலையும் பார்த்துட்டேன், ரெண்டுலயும் அப்படித்தான். ஊனமா? விழுந்ததுல திரும்பிடுச்சா?


ஊர்ப்பறவை (காலை 8.46)

ஊனம் இல்லை, நிம்மதியாக இருங்கள். குயில் இனத்துக்குக் கால் அப்படித்தான். உங்கள் கூடையில் இருப்பது குயில் குஞ்சு. இந்த வயதில் கறுப்பு உடம்பு, வெளிர் பொட்டுகள், கருத்த கண். சிவந்த கண் எல்லாம் வளர்ந்த பிறகுதான். செம்போத்தும் இதே குடும்பம்தான், ஆனால் நீங்கள் சொன்னதுபோல் அதற்கு இறக்கை செங்கல் நிறம்.

இனி நான் சொல்வதைப் பதறாமல் கேளுங்கள். அந்தக் காகங்கள் குஞ்சைக் கொல்ல வரவில்லை. அந்தக் குஞ்சை வளர்ப்பதே அவைதான்.

குயில் கூடு கட்டாது. சித்திரை வைகாசியில் காகம் முட்டையிடும் சமயம் பார்த்து, ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கூவிக் காகத்தை வம்புக்கு இழுக்கும். காகம் அதைத் துரத்திக்கொண்டு போகும் நேரத்தில் பெண் குயில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை காக முட்டையைவிடச் சிறியது. 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும், அதாவது காகக் குஞ்சுக்கு ஏறக்குறைய மூன்று நாள் முன்னதாக. முதலில் பொரிந்தது முதலில் வாய் திறக்கும். காகம் இரை கொடுக்கும். காகக் குஞ்சும் குயில் குஞ்சும் ஒரே கூட்டில் சேர்ந்து வளர்வதும் உண்டு. கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் பல நாள் காகம்தான் ஊட்டும்.

நேற்று மாடியில் இறங்கி இறங்கி ஏறியது, இரை கொடுக்க வந்த காகமாக இருக்க வேண்டும். உங்கள் அத்தை தலையில் தட்டியது பிள்ளையைப் பறிகொடுத்த கோபம்.


ஊசிநூல் (காலை 8.58)

இதை அத்தைக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். கூடையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப புள்ளையைத் தாய்கிட்ட இருந்து தூக்கிட்டு வந்தது நானா?"ன்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல.

அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க. காக்காவுக்கு அது தன் குஞ்சு இல்லைன்னு தெரியவே தெரியாதா? உருவம் வேற, குரல் வேற. இத்தனை கெட்டிக்காரப் பறவை. நானும் இதைத்தான் கேக்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கேள்வி: திருப்பி விட்டா சேர்த்துக்குமா? மனுஷ வாடை பட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்வாங்களே. அத்தை முந்தானையில பட்டிருக்கு, நான் கால் விரலை வேற பிடிச்சுப் பார்த்திருக்கேன்.


மாட்டாஸ்பத்திரி (காலை 9.10)

நான் கால்நடை மருத்துவரா இருக்கேன், பெரும்பாலும் மாடு ஆடுதான், ஆனா வாரத்துக்கு ஒரு பறவையாவது வந்துடும். வாடை பட்டா ஒதுக்கிடும்ங்கறது உண்மையில்லம்மா. தாய்ப் பறவை வாடையை வெச்சுக் குஞ்சை ஒதுக்குறது கிடையாது. தைரியமாத் திருப்பி விடுங்க. ரெக்கை சமமா இருக்கு, ரத்தம் இல்ல, கத்துது, விரலைப் பிடிக்குதுன்னா நல்ல தெம்புள்ள குஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டிய அவசியமே இல்ல.

தண்ணி விஷயத்துல மட்டும் ஒண்ணு. வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க. குஞ்சு வாயைத் திறக்கும்போது நாக்குக்குப் பின்னாடி பாருங்க, ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும், நம்ம காஜா எடுத்த ஓட்டை மாதிரி. அதுதான் மூச்சுக்குழல். அதுல ஒரு சொட்டு போச்சுன்னா நுரையீரலுக்குப் போயிடும். நீங்க பஞ்சால அலகு ஓரம் தொட்டது சரியான முறை.

துணிக்கூடை வேண்டாம், வலையில நகம் மாட்டும். அட்டைப்பெட்டியில நாலு பக்கமும் ஓட்டை போட்டு, கீழ பருத்தித் துணி விரிச்சு, மூடி, சத்தம் இல்லாத இடத்துல வைங்க. வெட்டுத்துணியில நூல் பிரிஞ்சு தொங்கினா எடுத்துடுங்க, கால்ல சுத்திக்கும். வெளியே எடுக்குறப்ப ஃபேனை நிறுத்துங்க. என்கிட்ட வர்ற பறவைங்கள்ல பாதி ஃபேன்ல அடிபட்டதுதான்.


ஊசிநூல் (காலை 9.19)

ஐயோ, நூல்! அந்தக் கூடை முழுக்க ஓவர்லாக் நூல்தான் சார். இப்பவே மாத்திட்டேன். இடது கால்ல ஒரு ரோஸ் நூல் ஒரு சுத்து சுத்தியிருந்துது, பிரிச்சு எடுத்துட்டேன், இறுகல. நீங்க சொன்ன மூச்சுக்குழலையும் பார்த்தேன், திறந்து மூடுது. இதெல்லாம் யாருக்குத் தெரியும் சார். ரொம்ப நன்றி.


தாமிரபரணி (காலை 9.30)

அக்கா, நான் பாளையங்கோட்டை. எங்க ஆச்சி ஒரு சொலவடை சொல்லுவா, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு"ன்னு. நம்ம எல்லாரும் அத அழகில்லாத புள்ளயைக் கொஞ்சுத தாய்க்குச் சொல்லுதோம். ஆச்சி மட்டும் வேற மாரி சொல்லுவா. "எலே, காக்கா கூட்டுல இருக்கது அதுக்குக் குஞ்சு, அவ்வளவுதாம்லே. அது வந்து எண்ணிக்கிட்டா இருக்கும்?" அப்படீம்பா. உங்க அத்தை கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான்.

நீங்க திருப்பி விடும்போது தலையில என்னத்தையாவது மாட்டிக்கிட்டுப் போங்க. அது மூஞ்சிக்கு நேரா வராது, பின்னாடிதான் வந்து தட்டும். எங்க வீட்ல முருங்கை மரத்துல கூடு வச்சிருந்தப்ப எங்கப்பா பதினஞ்சு நாள் தலையில ஈயச்சட்டியைக் கவுத்துக்கிட்டுத்தான் பல்லு விளக்கினாவ.


ஊர்ப்பறவை (காலை 9.48)

மருத்துவர் சொன்னது அனைத்தும் சரி. அத்தையின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்: கூட்டில் வாய் திறந்து கத்துவது எதுவாக இருந்தாலும் அந்த வாயை நிரப்ப வேண்டும் என்ற உந்துதல் காகத்துக்குள் அத்தனை பலமானது. குயில் அதைத்தான் நம்பியிருக்கிறது. காகம் ஏமாளி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வளர்ந்த குயிலைக் கண்டால் அது துரத்தும், முட்டையிட வந்தால் விரட்டும், குஞ்சானால் ஊட்டும்.

திருப்பி விடும் முறை. வேப்பமரத்தில் கூடு எங்கே என்று கீழிருந்து பாருங்கள், சுள்ளியோடு கம்பித் துண்டும் சொருகியிருக்கும். ஏற முயல வேண்டாம். மாடிக்குச் சாய்ந்த கிளையில் கை எட்டும் உயரத்தில் குஞ்சை உட்கார வையுங்கள். இரண்டு விரல் முன், இரண்டு விரல் பின், கிளையை நன்றாகப் பற்றிக்கொள்ளும். நிற்காமல் விழுந்தால், அடியில் ஓட்டையுள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடையில் தென்னை நாரும் காய்ந்த சுள்ளியும் போட்டு, அதைக் கிளையில் இறுகக் கட்டி, அதற்குள் வைக்கலாம். வைத்ததும் எல்லாரும் கீழே போய்விடுங்கள். மாடிக் கதவை மூடி, இடுக்கு வழியாகப் பாருங்கள். ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும். மனிதர் நின்றால் அது வராது. பூனை இருக்கிறதா?

செம்போத்து என்று நினைத்து ஒரு மண்டலம் வைத்திருக்கச் சொன்ன அன்பருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. குயிலோ செம்போத்தோ, காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக மட்டும் சொல்லவில்லை. மரத்தில் என்ன தின்பது, எதைக் கண்டு பறப்பது என்பதெல்லாம் இந்தக் குஞ்சு இனிமேல்தான் பழக வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் அது நடக்காது.


காவிரிப்பாலம் (காலை 9.55)

மன்னிக்கணும். யோகம்னு படிச்சு வளர்ந்தோம், அதைச் சொல்லிட்டேன். விட்டுடுங்க அக்கா. குயில் கூவுற வீடும் யோகமான வீடுதான்.


ஊசிநூல் (காலை 10.02)

பூனை எதிர் வீட்ல ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட சொல்லி இன்னிக்கு உள்ளயே கட்டி வைக்கச் சொல்லியாச்சு. வீட்டுக்காரர் வண்டி ஹெல்மெட்டைத் தேடிக்கிட்டு இருக்கார். அத்தை தானேதான் கொண்டு போய் வைப்பேன்னு ஒரே பிடிவாதம். "எடுத்தது நான், நான்தான் கொடுக்கணும்"னு சொல்றாங்க. எழுபத்தி ரெண்டு வயசு. இப்ப ஹெல்மெட் அத்தைக்கா, அவருக்கான்னு பேச்சு நடக்குது.


ஊசிநூல் (பகல் 12.20)

எழுதக் கை ஓடல, ஆனா நீங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பீங்கன்னு எழுதுறேன்.

ஹெல்மெட் அத்தைக்கு. கண்ணாடியை இறக்கி, கழுத்துப் பட்டையை நான்தான் மாட்டி விட்டேன், கொண்டை இடிச்சுது, கொண்டையை அவுத்துட்டாங்க. அவர் ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு முன்னால, தலையில ஜவுக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டுக்கிட்டார். நான் குடையோட கடைசியா. மாடிக் கதவைத் திறந்ததும் டொக்குனு ஒரு சத்தம், ஹெல்மெட்ல. மறுபடி டொக். அத்தை நிக்கவே இல்ல. பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "இந்தா வந்துட்டேன், இந்தா கொடுத்துடுறேன்"னு காக்காகிட்ட சொல்லிக்கிட்டே போறாங்க.

முதல் தடவை கிளையில வெச்சப்ப குஞ்சு அத்தை விரலை விடல. ஒவ்வொரு விரலா நான்தான் எடுத்து விட்டேன். அப்புறம் கிளையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. கூடை தேவைப்படல.

கீழ வந்து கதவு இடுக்குல மூணு பேரும் ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் தலையை வெச்சுப் பார்த்தோம். இருபது நிமிஷம் ஒண்ணும் இல்ல. காக்காங்க தூரக் கிளையில உட்கார்ந்து கத்திக்கிட்டே இருந்துதுங்க. குஞ்சு சும்மாவே இருந்துது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் ஒரு காக்கா, கழுத்து நல்ல சாம்பல் நிறம், தத்தித் தத்திக் கிட்ட வந்துது. குஞ்சு ரெக்கையைப் படபடன்னு நடுக்கி அந்தக் கீர்ர் கீர்ர் சத்தம் போட்டுது பாருங்க, எங்ககிட்ட போட்டதெல்லாம் ஒண்ணுமே இல்ல. காக்கா தன் அலகை அது வாய்க்குள்ள பாதி வரைக்கும் விட்டுச்சு. என்னத்தைக் கொடுத்துதுன்னு தெரியல. விழுங்கிடுச்சு. உடனே மறுபடி வாயைத் திறந்துது.

அத்தை ஹெல்மெட்டைக் கழட்டாமலே அழுதுட்டாங்க. கண்ணாடிக்குள்ள கை போகாம, முந்தானையைக் கீழ வழியா விட்டுத் துடைச்சுக்கிட்டாங்க.


மாட்டாஸ்பத்திரி (பகல் 12.34)

படிச்சுட்டு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் சொன்னேன். இங்க ஒரு எருமையோட நின்னவர் கூட "சேர்த்துக்கிச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் போனார். உங்க அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. இப்பவாவது காப்பி குடிச்சாங்களா?


ஊசிநூல் (பகல் 12.41)

குடிச்சாங்க சார். ரெண்டு டம்ளர்.


தேக்காவாசி (மாலை 4.15)

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே கதைதான். காகம் வெளியூரில் இருந்து வந்து பெருகியது, அதன் கூட்டை நம்பிக் குயிலும் பெருகியது. விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றிக் கூவ ஆரம்பித்துவிடும், தூக்கம் போகிறது என்று பலர் புகார் சொல்வார்கள். எனக்கு மட்டும் அது ஊர் நினைப்பு. உங்கள் குஞ்சு ஆணா பெண்ணா? ஆணாக இருந்தால்தானே அந்தக் 'குக்கூ' கேட்கும்?


ஊர்ப்பறவை (மாலை 5.02)

ஆம். கூவி அழைப்பது ஆண். நல்ல கறுப்பு உடம்பு, சிவந்த கண். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், கிக்-கிக்-கிக் என்று வேகமாகக் கத்தும். பாட்டுப் பாடும் பெண்களை நாம் குயில் என்று புகழ்கிறோம், இனிமையாகக் கூவுவது என்னவோ ஆண் குயில். இந்தக் குஞ்சு எது என்பது இந்த வயதில் படத்தை வைத்து உறுதியாகச் சொல்லக் கூடாது.

ஊசிநூல் அவர்களே, மாடிக்குப் போகும்போது இன்னும் இரண்டு மூன்று வாரம் தலையை மூடிக்கொள்ளுங்கள். காகம் முகத்தை மறக்காது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் 2006-ல் ஒரு குகைமனித முகமூடியை மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் போட்டு விட்டார். அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் பல ஆண்டுகள் கழித்தும் காகங்கள் கூடிக் கத்தின. அது அந்த ஊர்க் காக வகை. நம் ஊர்க் காகமும் அதற்குக் குறைந்தது இல்லை என்பது என் அனுபவம்.


ஊசிநூல் (மாலை 5.30)

அத்தை முகத்தை மறக்காதுன்னா, இருபது வருஷமா சாதம் வெச்ச முகத்தையும் மறக்காதுதானே? அத்தை கேக்கச் சொன்னாங்க.


ஊர்ப்பறவை (மாலை 5.41)

மறக்காது அம்மா. நாளைக் காலையில் வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்தில் வையுங்கள்.


ஊசிநூல் (திங்கள், காலை 7.05)

ஆறரைக்கு வெச்சாங்க. பருப்புச் சாதம், நெய் விட்டு. நேத்து மாதிரியே நான் கதவு இடுக்குல. முதல்ல யாரும் வரல. அப்புறம் அந்தச் சாம்பல் கழுத்து வந்து ஒரு வாய் எடுத்துது. தின்னல. அலகு நிறைய வெச்சுக்கிட்டு நேரா வேப்பங்கிளைக்குப் போய்க் குஞ்சு வாயில திணிச்சுது. மூணு தடவை வந்து எடுத்துட்டுப் போச்சு. நாலாவது தடவைதான் தான் தின்னுச்சு.

அத்தை இப்ப ரெண்டாவது உருண்டை பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. குயிலுக்குப் பருப்புச் சாதம் ஆகுமா, ஊர்ப்பறவை ஐயா? நெய் இல்லாம வைக்கட்டுமா?


ஊர்ப்பறவை (திங்கள், காலை 7.30)

இந்த வயதில் காகம் கொடுப்பது எல்லாம் அதற்கு ஆகும். நெய் வேண்டாம், உப்பும் வேண்டாம், வெறும் சாதமே போதும், அதுவும் கொஞ்சமாக. புழு, பூச்சி, பழத்தைக் காகமே தேடிக் கொடுக்கும். வளர்ந்ததும் குயிலுக்கு முக்கிய உணவு பழங்கள்தான். ஆலம்பழம், அரசம்பழம், வேப்பம்பழம், கறிவேப்பிலைப் பழம் எல்லாம் தின்னும். நமக்கு விஷமான மஞ்சள் அரளிக் காயையும் தின்று செரித்துவிடும். உங்கள் வேப்பமரம் பழுக்கும்போது அதுவே தேடி வரும்.


புதுமணப்பெண்அம்மா (திங்கள், காலை 9.12)

இன்னிக்கு அளவு ப்ளவுஸோட வரட்டுமாம்மா? குஞ்சையும் ஒரு தடவை பார்க்கணும்னு பொண்ணு சொல்றா.


ஊசிநூல் (திங்கள், காலை 9.20)

வாங்கம்மா. பத்து மணிக்கு மேல வாங்க, அது வரைக்கும் காக்கா வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். குடையை விரிச்சே வாங்க, மடக்கிக்கிட்டு வராதீங்க. பொண்ணுக்கு ஹெல்மெட் இங்கேயே இருக்கு.